என் குரலுக்கு வராதவர்கள்

வன்னியில் ஒரு மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் நான் வேலை செய்கிறேன். காசநோயைப் பற்றிச் சனங்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் என்னுடைய வேலை. பள்ளிக்கூடங்கள், விவசாயச் சங்கங்கள், மாதர் சங்கக் கூட்டங்கள் என்று ஸ்கூட்டியில் போய்ப் பேசிவிட்டு வருவேன். பேச்சு எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்தது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் முதலிடம் எனக்குத்தான். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் அறிவித்தல் சொல்வதற்கும், பரிசளிப்பு விழாவைத் தொகுத்து வழங்குவதற்கும் இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். றேடியோவில் வரவேண்டிய குரல் என்று சொல்லாத பாடசாலை அதிபர் எங்கள் பக்கத்தில் இல்லை. நானும் அதை நம்பினேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு அந்த நம்பிக்கைதான் வேர் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் கூட்டிப் பேசுவதில் ஒரு சிக்கல் இருந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் இருமாதவர்கள். இருமுகிறவர் வயலிலோ கடலிலோ நிற்பார், அல்லது நாலு பேர் பார்ப்பார்கள் என்று வீட்டோடு இருந்துவிடுவார். பூநகரிப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தால் ஒரு நாள் முழுதும் போய்விடும். அங்கே இருபது பேர் கதிரைகளில் இருந்து கேட்பார்கள். கைதட்டுவார்கள். பிஸ்கட்டும் தேநீரும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அதோடு சரி.

எங்கள் டொக்டர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் கதைக்காத பெண். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, இனிக் கூட்டங்களுக்குப் போவதைப் பாதியாகக் குறைத்துக் கைத்தொலைபேசியில் போவோம் என்றார். ஒவ்வொரு கிராமத்துக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறக்கிறார்கள் என்று அறிவிக்கும் கமக்காரர் குழு, கடற்றொழிலாளர் சங்கத்துக் குழு, பெற்றோர் குழு, மரண உதவிச் சங்கக் குழு. இருமுகிறவர் வீட்டை விட்டு வெளியே வராவிட்டாலும் தண்ணீர் திறக்கிற நேரத்தைப் பார்க்கத் தொலைபேசியை எடுப்பார்தானே. இரண்டு நிமிடத்தில் ஒரு குரல் பதிவு செய்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்ப வேண்டும். அதை நான்தான் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது எனக்கு வேறு ஆட்களின் பெயர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

மூன்று நாட்கள் இருந்து எழுதினேன். மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறையில் மின்விசிறியை நிறுத்தி, எதிரொலி வராமல் யன்னலில் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, வியர்வை வழிய வழியப் பதிந்தேன். "அன்பார்ந்த உழவர் பெருமக்களே, கடலோடு போராடும் தோழர்களே" என்று தொடங்கும். பின்னணியில் வீணை மெல்லியதாக வரும். அனுப்பிய ஒரு மணித்தியாலத்துக்குள் கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வந்து நிறைந்தன. என்னோடு படித்த ஒருத்தி கனடாவிலிருந்து வாழ்த்தியிருந்தாள். அந்தக் கிழமை முழுதும் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

பரிசோதனைக்குச் சளி கொடுக்கப் புதிதாக ஒருவரும் வரவில்லை. வழக்கமாக வைத்தியசாலையிலிருந்து அனுப்பப்படுகிறவர்கள் வந்தார்கள். எங்கள் பதிவைக் கேட்டு வந்தேன் என்று ஒரு மாதத்தில் ஒரு ஆள்கூடச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுக்க வேண்டும், சனத்துக்கு விளங்க நாள் எடுக்கும் என்று நான் டொக்டருக்குச் சொன்னேன். அவர் ஓம் என்றார்.

மார்கழியில்தான் அந்தப் பெண் வந்தார். மல்லாவிக்கு அப்பால் ஒரு கிராமம். அவருடைய தாய் தகப்பன் காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். களை பிடுங்கவும் கச்சான் கடலை பிடுங்கவும் நாள் கூலிக்குப் போகிறவர். என்னைவிட இரண்டு வயது குறைவு என்று சிகிச்சை அட்டையில் கண்டிருக்கிறேன். ஆறு மாத மாத்திரையைக் குடித்து முடித்துவிட்டுக் கடைசித் தடவையாக வந்திருந்தார். இப்போது எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு என் மனதில் 'அவள்' தான்.

டொக்டர் அவரிடம், இருமுகிற ஆட்களுக்கு நீங்கள் என்ன சொல்லுவீர்கள், அதைப் பதிந்து அனுப்பலாமா என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்தார். "பேரு வேணாங்க டொக்டர். குரல் போதும்" என்றார். வெளியே வேப்பமரத்துக்குக் கீழே மர வாங்கில் இருந்தபடியே, ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் கதைத்தார். நான் பதிவேட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ஆறு மாசமா மாத்திர குடிச்சேங்க. இன்னைக்கோட முடிஞ்சிருச்சு. மொதல்ல இருமல் வந்தப்ப கச்சான் புடுங்குற தூசின்னு நெனச்சேன். மூணு மாசம் அப்பிடியே திரிஞ்சேன். சட்டையெல்லாம் லூசாகிப் போச்சு. எம் மகளுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே இருமியிருக்கேன். அதுதான் இன்னும் மனசுல கெடக்கு. நீங்க யாராச்சும் ரெண்டு கெழமைக்கு மேல இருமிக்கிட்டு இருந்தா வெக்கப்படாம வாங்க. ஒரு சின்னப் போத்தல்ல சளியத் துப்பிக் குடுக்கணும். அவ்வளவுதான். நான் செத்துருவேன்னு சொன்னவங்க முன்னால இப்ப வெறகு சொமந்துக்கிட்டுப் போறேன்."

பின்னால் ஒரு கோழி கத்தியது. வீதியில் உழவு இயந்திரம் ஒன்று போனது. இன்னொரு தடவை அறைக்குள் வைத்துப் பதிவோமா என்று நான் கேட்டேன். தேவையில்லை, அப்படியே அனுப்புங்கள் என்றார் டொக்டர். அனுப்பினேன். கும்பிடும் கைகள் வரவில்லை. பூக்கள் வரவில்லை. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

நாலாம் நாள் துணுக்காயிலிருந்து ஒரு மனுசி வந்தார். அடுத்த நாள் இருவர். பிறகு முள்ளிவாய்க்கால் பக்கத்திலிருந்து ஒரு கடற்றொழிலாளி, இரண்டு பஸ் மாறி வந்தவர், சேட்டுப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து அந்தப் பதிவை எனக்கே போட்டுக் காட்டினார். "இந்த மனுசி சொல்லுற மாதிரித்தான் எனக்கும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இது நீங்களோ மிஸ்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஓம் ஓம், அவா கதைக்கிறது வேற மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அன்று பின்னேரம் வரை அது எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

பொறாமையை நான் அதற்கு முன்னும் அறிந்திருக்கிறேன். மச்சாளின் வீடு, கூடப் படித்தவளின் வெளிநாட்டு வாழ்க்கை, அப்படிச் சின்னச் சின்னதாக. அவை வந்து போகும். இது போகவில்லை. குசினியில் தேங்காய் துருவும்போது அந்தப் பதிவைப் போட்டுக் கேட்பேன். பிழை பிடிப்பதற்காகவே கேட்பேன். நோயின் பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று கண்டுபிடித்தபோது எனக்கு ஏதோ கிடைத்துவிட்டது போல இருந்தது. என் பதிவில் காசநோய் என்ற சொல் பதினொரு இடத்தில் வரும். அடுத்த நாள் காலை நேரே டொக்டரிடம் போய் அதைச் சொன்னேன்.

"பேர் தெரியாமலே வருகினமே" என்றார் அவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பேச்சு தோட்டத்துப் பேச்சு, எங்கட சனத்துக்கு ஒத்துவராது, பகிடி பண்ணுவினம் என்று சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்கட சனம் எண்டா ஆர்?"

நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். இரணைமடு வாய்க்காலின் கீழே வயல். நாங்களும் ஒரு தலைமுறைக்கு முன் வந்து இறங்கியவர்கள்தான். ஆனால் எங்கள் வீட்டில் 'எங்கட சனம்' என்று சொன்னால் அதற்குள் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லாத விசயம்.

தை மாதம் முடிவதற்குள் அந்தப் பதிவு வவுனியா வரை போய்விட்டது. ஆட்கள் அவருக்கு மல்லாவி அக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். என் வயதுக்காரர்கள், என்னைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றார்கள். என்னை மிஸ் என்பார்கள். மிஸ் என்று கூப்பிடுவது மரியாதை என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

இரண்டாவது பதிவு ஒன்று வேண்டும் என்றார் டொக்டர். வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால் மற்றவர்களையும் கூட்டி வந்து பரிசோதிக்க வேண்டும், நோய் வராமல் தடுக்கவும் மருந்து இருக்கிறது என்பதைச் சனங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் மல்லாவி அக்காவே சொல்லட்டும், நீங்கள் போய்ப் பதிந்துகொண்டு வாருங்கள் என்று என்னை அனுப்பினார்.

அக்கராயன் ஊடாகப் போனேன். மல்லாவி தாண்டியதும் கிரவல் ரோட்டு. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, பாதிக்குத்தான் பூச்சு. பக்கத்தில் தகரம் போட்ட குசினி. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. எனக்காகப் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கதிரை ஒன்று இரவல் வாங்கி வைத்திருந்தார். கிளாஸில் பால் தேநீர் கொண்டுவந்து தந்தார். கீழே ஒரு கோப்பைத் தட்டும் இருந்தது. நான் நன்றி சொல்லி வாங்கி, பக்கத்தில் இருந்த கல்லில் வைத்தேன். வைத்துவிட்டுத் தொலைபேசியைச் சரிபார்த்தேன்.

நோய்க்குப் பயந்து நான் அதை வைக்கவில்லை. அவர் சுகமாகிவிட்டவர் என்பதும், தேநீரால் காசநோய் பரவாது என்பதும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த மாவட்டத்தில் அதிகம் பேர் இல்லை. அப்படியான வீடுகளில் என் அம்மா தண்ணீர் குடிக்கமாட்டார். நானும் குடித்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டதில்லை. அவர் அந்தக் கிளாஸைப் பார்த்தார். எதிரே திண்ணைக் குந்தில் இருந்து, தொடங்கட்டுமா என்று கேட்டார்.

"எனக்கு வியாதின்னு தெரிஞ்ச ஒடனே வீட்டுல இருக்கிற எல்லாரையும் கூட்டிட்டுப் போனேங்க. மகளுக்கு வியாதி இல்ல. ஆனாலும் மாத்திர குடுத்தாங்க, இனி வராம இருக்க. அதையும் நான் வுடாமக் குடுத்தேன். வீட்டுல யாருக்கும் இது வந்தா தட்டத் தனியா வைக்காதீங்க. தட்டுல ஒண்ணும் வராது. எனக்கு அப்பிடி வச்சப்ப இருமலவிட அதுதான் வலிச்சிச்சு. தேத்தண்ணி குடுத்தா வாங்கிப் பக்கத்துல வச்சிட்டுப் போறவங்களும் இருக்காங்க. வியாதிக்குப் பயந்து வைக்கிறாங்களா, வேற எதுக்கும் வைக்கிறாங்களான்னு எனக்குத் தெரியாது. வியாதிக்குன்னா பயப்படத் தேவையில்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொன்னாரா, சனங்களுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முடித்ததும், "சரியா இருக்குங்களா மிஸ்?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். தேநீரில் ஆடை படிந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வரும் வழியில் எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசை. வெட்கமும் இருந்தது. ஆனால் அதைவிட, இந்தப் பதிவு முதலாவதைவிட நன்றாக இருக்கிறது என்பதுதான் என்னை வாட்டியது. எழுதவே தெரியாத ஒரு பெண் அந்தத் தேநீர் வசனத்தை எப்படிச் சொன்னார்? மூன்று நாள் இருந்து எழுதினாலும் எனக்கு அது வராது.

டொக்டரிடம் போய், காற்றுச் சத்தத்தில் ஒன்றும் தெளிவாக இல்லை என்று சொன்னேன். அவர் அடுத்த கிழமை திரும்பப் போகச் சொன்னார். இப்போது நெல் வெட்டுக் காலம், அந்தப் பெண்ணை வீட்டில் பிடிக்க முடியாது, அவர் சொன்ன விசயங்களை நான் எழுதி வைத்திருக்கிறேன், நானே பதிந்து அனுப்புகிறேன் என்றேன். டொக்டருக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் விட்டுவிட்டார்.

மல்லாவி அக்கா சொன்னதை எல்லாம் எடுத்து என் தமிழில் போட்டேன். தட்டைப் பற்றிச் சொன்னதையும் எடுத்தேன். தேநீரையும் விடவில்லை. "அன்போடு பரிமாறப்படும் தேநீரை மறுத்து நோயாளரின் மனதைப் புண்படுத்தாதீர்கள்" என்று ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். வீணையும் போட்டேன். கும்பிடும் கைகள் திரும்ப வந்தன. பின்னேரம் எங்கள் கமக்காரர் குழுவில் ஒருவர், "மல்லாவி அக்கா இல்லையோ?" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், "ஓம், அவா கதைச்சால் நல்லம்" என்று. நான் தொலைபேசியைக் குப்புற வைத்துவிட்டு எழுந்து போனேன். அந்தப் பெண்ணின் பதிவு என்னிடம் இருந்தது. அதை அழிக்க இரண்டு தடவை விரலைக் கொண்டுபோனேன். அழிக்கவில்லை.

அந்த நாட்களில் என் கணவர் இருமிக்கொண்டிருந்தார்.

எங்கள் வயலை அவர்தான் செய்கிறார். காலபோக நெல் வெட்டுத் தொடங்கிய நாளிலிருந்து இருமல். நெல்லுத் தூசி என்றார். ஒரு தடவை அவரைச் சளி கொடுக்க வரச் சொன்னேன். பிறகு ஒரு தடவை சொன்னேன். அவர் பார்ப்பம் என்றார். நான் அழுத்திச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறவளின் வீட்டிலேயே நோய் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அது நெல்லுத் தூசியாகவே இருந்துவிடட்டும் என்று நானும் நினைத்தேன்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் ஒன்றில் பேசிவிட்டு நிலையத்துக்குத் திரும்பினேன். வேப்பமரத்தின் கீழ் வாங்கில் முகக்கவசத்தோடு ஒருவர். கையில் சளிப் போத்தல். கிட்டப் போனபோதுதான் என் கணவர் என்று கண்டேன். பஸ்ஸில் வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் வந்தனீங்கள் என்று கேட்டேன்.

"கமக்காரர் குறூப்பில அந்த மல்லாவி மனுசியின்ர பதிவை ஆரோ திரும்பப் போட்டிருந்தவங்கள். அவா கச்சான் தூசி எண்டு நினைச்சாவாம். நானும் நெல்லுத் தூசி எண்டுதானே திரியிறன்."

"நான் சொல்லேல்லையோ?"

"நீர் சொன்னனீர்தான்." அவர் போத்தலைக் கையில் உருட்டினார். "நீர் சொல்லேக்க அது உம்மட வேலை மாதிரிக் கிடந்தது."

அவருக்கு அது ஒரு பெரிய கதையே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். நான் அங்கேயே நின்றேன். இதை எழுதத்தான் வேண்டும். என் கணவரின் கையில் சளிப் போத்தல் இருக்கிறது, அவர் மெலிந்திருக்கிறார், நெற்றியெல்லாம் வியர்வை. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அவளுடைய சொல்லைக் கேட்டு வந்திருக்கிறாரே என்ற எரிச்சல்தான் வந்தது. பதினாலு வருடம் ஒரே வீட்டில் இருக்கிற என் குரல் அவரை ஒரு அடி நகர்த்தவில்லை. முகம் தெரியாத ஒருத்தியின் குரல் அவரைப் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, உள்ளே போய்ப் பதிவேட்டை விரித்து அவருடைய பெயரை எழுத வேண்டி வந்தபோது.

நோய் இருந்தது. மகளையும் என்னையும் பரிசோதித்தார்கள். எங்கள் இருவருக்கும் இல்லை. மகளுக்குப் பத்து வயது. தடுப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரை தொடங்கிய நாள் மத்தியானம் குசினியில் சோறு போட்டேன். அலுமாரிக்குள்ளிருந்து பழைய பீங்கான் தட்டு ஒன்றை எடுத்து அவருக்குப் போட்டேன். நாங்கள் பாவிக்காமல் வைத்திருந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை, கை தன்பாட்டில் போய் எடுத்தது. அவர் பீங்கானைப் பார்த்தார்.

"தனிப் பீங்கான் வைக்கத் தேவையில்லை எண்டு நீர்தானே பதிவில சொன்னனீர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

பீங்கானைத் திரும்ப எடுத்து, சோற்றை அவருடைய வழக்கமான சாப்பாட்டுக் கோப்பையில் கொட்டிக் கொடுத்தேன். பிறகு, அது நான் சொன்னதில்லை என்றேன். முழுவதையும் சொன்னேன். கல்லில் வைத்த தேநீர், காற்றுச் சத்தம் என்ற பொய், அந்தப் பெண்ணுடைய வசனங்களை நான் எடுத்தது எல்லாவற்றையும். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பிறகு முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்து, அந்தப் பதிவைத் தரச் சொல்லிக் கேட்டார். இரண்டு தடவை போட்டுக் கேட்டார்.

"காத்துச் சத்தம் ஒண்டும் இல்லையே" என்றார்.

அதற்கு மேல் அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் காலையில் டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர், "அவாவின்ர பதிவை இண்டைக்கே அனுப்புங்கோ" என்றார். நான் வாசல் வரை போனதும் திரும்பக் கூப்பிட்டு, "அவாவிட்டயும் நீங்களே சொல்லுங்கோ" என்றார். அனுப்பினேன். நான் பதிந்ததைக் குழுக்களிலிருந்து நீக்கவும் முயன்றேன். நாள் கடந்துவிட்டதால் முடியவில்லை. இரண்டும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

மல்லாவி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தபோது அவர் வயலில் நின்றார். பின்னால் பெண்கள் கதைக்கும் சத்தம். நான் உங்கள் பதிவை வேண்டுமென்றே அனுப்பாமல் வைத்திருந்தேன், நீங்கள் சொன்னதை நான் சொன்னேன் என்றேன்.

"தெரியுங்க மிஸ். கேட்டேன். தமிழ் நல்லாத்தான் இருந்திச்சு" என்றார். பிறகு, "நான் சொன்ன மாதிரியேதான் இருந்திச்சு. வீணதான் கூடுதல்" என்றார்.

அவர் பகிடியாகச் சொன்னாரா, மனம் நொந்து சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். பரவாயில்லை என்றார். தேநீரைப் பற்றிச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

இரண்டாவது பதிவுக்குப் பிறகு ஆட்கள் தனியாக வருவது குறைந்து, வீட்டோடு வரத் தொடங்கினார்கள். தாய், தகப்பன், கைக்குழந்தை என்று ஒரு ஓட்டோவில் நிறைந்து வருவார்கள். டொக்டர் அதோடு நிற்கவில்லை. மாத்திரை குடிக்கிறவர்களைத் தினமும் நிலையத்துக்கு அலைய வைக்காமல் வீடியோ அழைப்பில் பார்க்கும் முறையைத் தொடங்கினார். அழைப்பு எடுத்து, மாத்திரை குடிப்பதைக் கண்ணால் பார்த்து, என்னிடம் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு மல்லாவி அக்காவை எடுத்தார். பட்டியல் போடுவதும் அடையாளம் இடுவதும் என் பொறுப்பு. பட்டியலில் என் கணவரும் இருந்தார்.

காலையில் ஏழு மணிக்கு அழைப்பு வரும். அதற்கு முன்னமே அவர் முகம் கழுவித் தலை வாரி இழுத்து சேட்டுப் போட்டுவிடுவார். என்னோடு கோயிலுக்கு வரச் சொன்னால் சாரத்தோடு நிற்கிற மனுசன். தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக் காத்திருப்பார்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா? சரி, மாத்திரயக் காட்டுங்க. இப்ப வாயத் தொறந்து காட்டுங்க" என்று அவர் குரல் வரும். என் கணவர் வாயை ஆவென்று திறந்து காட்டுவார். பிறகு மழை பெய்ததா, உழுந்து விலை என்ன, மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கதை போகும். நான் குசினிக்குள் நின்று இடியப்பம் அவிப்பேன். இடியப்ப உரலைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். ஒரு நாள் என் கணவர், தனக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, இது ஏன் என்று அவரிடம் கேட்கிறார். இந்த மாத்திரை குடிக்கிறவர்களுக்கு அப்படிப் போகும், பயப்பட வேண்டாம் என்று எத்தனையோ பேருக்கு விளங்கப்படுத்துகிறவள் நான், இரண்டு முழத்துக்கு அப்பால் நிற்கிறேன். மல்லாவி அக்கா அவருக்குச் சொன்னதும் அதே விளக்கம்தான். அந்தப் பெண்ணுக்கும் அதை ஆரம்பத்தில் சொன்னது நானாகத்தான் இருக்க வேண்டும்.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே" என்று பிறகு கேட்டேன்.

"அவாவுக்கும் அப்பிடிப் போனதாம்" என்றார்.

ஆறு மாதத்தில் அவர் ஒரு நாள்கூட மாத்திரை தவறவிடவில்லை. இரண்டாம் மாதத்திலேயே உடம்பு தேறிவிட்டது. புரட்டாதியில் கடைசிப் பரிசோதனை. நானும் லீவு போட்டுவிட்டு அன்று நிலையத்து ஆளாக இல்லாமல் மனைவியாகப் போனேன். டொக்டர் சுகம் என்று சொல்லி அட்டையில் கையெழுத்து வைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டொக்டர் என் தோளைத் தட்டினார்.

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம். இருவரும் பக்கத்தில் இருந்தோம். வழியில் ஏதாவது சொல்லுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொலைபேசியை எடுத்து மல்லாவி அக்காவுக்கு அழைத்தார். முடிஞ்சுது தங்கச்சி, எல்லாம் சுகம் எண்டிட்டா டொக்டர் என்று சொன்னார். அவர் குரல் தழுதழுத்தது. அது தழுதழுத்து நான் கேட்டது அதற்கு முன் ஒரே ஒரு தடவை, மகள் பிறந்த அன்று.

பிறகு, உம்மோட கதைக்க வேணுமாம் என்று தொலைபேசியை என்னிடம் தந்தார்.

"மிஸ், சந்தோசங்களா?" என்று கேட்டார் அவர்.

"ஓம், சந்தோசம்" என்றேன். அது பொய் இல்லை. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்கோ என்றேன். வாறேங்க என்றார். தொலைபேசியைக் கணவரிடமே திரும்பக் கொடுத்தேன்.

அவர்கள் சிறுபோக வெள்ளாமையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். அவர் ஏதோ சொல்ல இவர் சிரித்தார், இருமல் இல்லாத முழுச் சிரிப்பு. பஸ் பரந்தன் சந்தி தாண்டியும் அவர்கள் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன்.